இரண்டு நிறத்தில் ஒரு தொப்பி: கலர்வொர்க் பின்னல் முழு வழிகாட்டி

ஒரே நிறத்தில் நன்றாகத் தொப்பி பின்னுகிறவர்கள்கூட இரண்டாவது நிறம் கைக்கு வந்ததும் தடுமாறிப்போவார்கள். தொப்பி தலையில் ஏறாது. ஏறினால், இரண்டாவது நிறத்தில் போட்ட பூ தெரியாது. பூவும் தெரிந்துவிட்டால் துணி சுருங்கிச் சுருங்கி மேடு பள்ளமாக நிற்கும்.

குன்னூரில் எங்கள் வீட்டு வராந்தாவில் ஞாயிறு மதியம் ஏழெட்டுப் பேர் ஊசியும் நூலுமாக உட்காருவோம். புதிதாக வருகிறவர் தன் முதல் கலர்வொர்க் தொப்பியை, அதாவது பல நிற நூலில் பூப் போட்டுப் பின்னியதை, நீட்டினால், நான் அதைத் திருப்பி உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். வெளியே தெரிகிற கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கீழே இருப்பது பெரியவர்கள் போடும் தொப்பி ஒன்றுக்கான முறை: 112 கண்ணி, மொத்தம் மூன்று நிறம் (ஒரு சுற்றில் இரண்டுதான்), சிறிய வைரப் பூ. ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்கிறேன். வகுப்புகளில் ஸ்டிச் என்பார்கள். வேலையின் வரிசை இதுதான்: நூல், நிறம், மாதிரித் துண்டு, கணக்கு, அப்புறம் தொப்பி. பலர் நேராகத் தொப்பியில் தொடங்கி, பாதியில் நிறத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.

1. எந்த வேலை இது, என்ன தெரிந்திருக்க வேண்டும்

கலர்வொர்க் என்ற பெயரில் நாலைந்து விதமான வேலைகள் இருக்கின்றன. நாம் செய்யப்போவதில் ஒரு சுற்றுக்கு இரண்டு நூல். ஒன்று பின்னும்போது மற்றது துணியின் பின்னால் கூடவே வரும். அப்படிப் பின்னால் நீண்டு கிடக்கும் நூலுக்கு ஃப்ளோட் என்று பெயர். ஸ்காட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுகளின் ஃபேர் ஐல் பின்னலும், நார்வேயின் செல்பூ கையுறைகளும் இந்த வகைதான்.

குழந்தைகள் ஸ்வெட்டரின் நடுவில் பெரிய வாத்தோ காரோ இருக்கிறதே, அது இன்டார்சியா. அதில் ஒவ்வொரு நிறத் திட்டுக்கும் தனி நூலுருண்டை, பின்னால் ஃப்ளோட் ஓடாது. அந்தப் படத்தை இந்த முறையில் பின்ன முயன்று, பத்து அங்குல நூல் பின்னால் தொங்கத் தொங்க ஒருவர் கொண்டுவந்தார். முழுவதையும் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

கண்ணி ஏற்றுதல், நிட் (நேர்ப் பின்னல்), பர்ல் (மறுபக்கப் பின்னல்), வட்ட ஊசியில் சுற்றிப் பின்னுதல், இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்குதல், இவ்வளவும் தடுமாறாமல் வரவேண்டும். ஒரே நிறத்தில் ஒரு சாதாத் தொப்பியாவது பின்னி முடித்திருங்கள். புதுப் பழக்கம் ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

2. நூலும் ஊசியும்

முதல் முறைக்கு நல்லது சுத்தமான ஆட்டு ரோம நூல். ரோம இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. பக்கத்துக் கண்ணியை அவை பற்றிக்கொள்வதால் சின்னச் சின்ன இழுப்பு வித்தியாசங்கள் நனைத்ததும் ஒன்றோடொன்று சமன் ஆகிவிடும். லேபிளில் சூப்பர்வாஷ் என்று இருந்தால் அந்தச் செதிலை மழுக்கியோ பூசி மூடியோ இருப்பார்கள். மெஷினில் துவைக்க வசதி, ஆனால் வழுக்கும்.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது அக்ரிலிக். அதிலும் பின்னலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு பின்னுங்கள்: ரோம நூல் மாதிரி அது தண்ணீரில் நனைத்ததும் இளகிப் படியாது. கையில் எப்படி வந்ததோ பெரும்பாலும் அப்படியேதான் நிற்கும். பருத்தி நூல் வேண்டாம். அதற்கு நெகிழ்வு இல்லை, ஒவ்வொரு தவறையும் காட்டிக்கொடுக்கும்.

கனம் டிகே, அதாவது ரொம்ப மெல்லியதும் இல்லாத, ரொம்பத் தடியும் இல்லாத நூல். சில லேபிள்களில் 8 ப்ளை என்று இருக்கும். ப்ளை எண்ணிக்கை ஊருக்கு ஊர் வேறு பொருளில் வருவதால் நான் நீளத்தைத்தான் பார்ப்பேன்: 50 கிராமில் 100 முதல் 125 மீட்டர். மூன்று நிறமும் ஒரே கனத்தில், முடிந்தால் ஒரே வகை நூலில் இருக்கட்டும். ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லியதாகவும் இருந்தால், எவ்வளவு நிதானமாகப் பின்னினாலும் துணி சமமாக வராது.

அடி நிறத்துக்கு, அதாவது பூவுக்குப் பின்னணியாக வரும் நிறத்துக்கு, 100 கிராம், பூ நிறங்கள் இரண்டுக்கும் 50 கிராம் உருண்டை ஒவ்வொன்று. மிச்சம் வரும், வரட்டும். அடி நிறத்தின் இரண்டு உருண்டையிலும் சாய எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியவற்றுக்குப் போடும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பாதித் தொப்பியில் நீலம் வேறு நீலமாக மாறுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரிப்புக்கு, அதாவது தொப்பியின் நெகிழ்வான கீழ்ப் பட்டைக்கு, 3.5 மி.மீ., உடலுக்கு 4 மி.மீ. வட்ட ஊசி, இரண்டும் 40 செ.மீ. நீளம். தொப்பியின் சுற்றளவு 51 செ.மீ. வரும். ஊசி அதைவிட நீளமாக இருந்தால் கண்ணிகள் எட்டாமல் இழுபடும். உச்சிக்கு 4 மி.மீ.யில் இருமுனை ஊசி நான்கோ ஐந்தோ வேண்டும். மரம் அல்லது மூங்கில் ஊசி நல்லது, கண்ணி நழுவாது. இவற்றோடு அடையாள வளையம், அளவு நாடா, முனை மழுங்கிய தையல் ஊசி.

3. நிறம்: பின்னுவதற்கு முன்பே தீர்த்துவிட வேண்டியது

மூன்று வாரம் உழைத்த பிறகு பூ தெரியவில்லை என்றால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அதனால் இங்கே நேரம் செலவழியுங்கள்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு அக்கா அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் எடுத்திருந்தார். “பட்டுப்புடவையில் எவ்வளவு எடுப்பா இருக்கு, இதுல ஏன் மண்ணு மாதிரி தெரியுது?” என்று கேட்டார். புடவையில் உடல் ஓரிடம், பார்டர் ஓரிடம், நடுவில் ஜரிகை வேறு பிரித்துக் காட்டுகிறது. இங்கே ஒரு கண்ணியின் அகலம் நாலரை மில்லிமீட்டர்தான். அவ்வளவு நெருக்கத்தில் இரண்டு நிறம் மாறி மாறி வரும்போது கண் முதலில் பிரிப்பது எது வெளிச்சம், எது இருட்டு என்பதைத்தான். அரக்கும் கரும்பச்சையும் நிறத்தில் எதிரெதிர், இருட்டில் ஏறக்குறைய ஒன்று.

சோதனை எளிது. உருண்டைகளை ஜன்னலோரம் பக்கம் பக்கமாக வைத்துப் படம் எடுங்கள். போனில் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ஒன்று வெளிர் சாம்பலாகவும் மற்றது அடர் சாம்பலாகவும் தெரிந்தால் பூ தெரியும். இரண்டும் ஒரே சாம்பல் என்றால் ஒன்றைத் திருப்பி வைத்துவிடுங்கள், எவ்வளவு ஆசையாக வாங்கியிருந்தாலும். பூ நிறம் ஒவ்வொன்றும் அடி நிறத்திலிருந்து விலகித் தெரிந்தால் போதும். பூ நிறங்கள் இரண்டும் ஒரே சுற்றில் சந்திக்கப் போவதில்லை.

நிறம் மாறி மாறி வரும் பல வண்ண நூலை முதல் தொப்பிக்கு எடுக்காதீர்கள். எங்காவது ஓரிடத்தில் அது அடி நிறத்தோடு கலந்து, பூவில் பாதி காணாமல் போகும்.

சாயம் போகுமா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றில் ஒரு சாண் நூலை வெட்டி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி அழுத்துங்கள். துணியில் கறை பட்டால் அந்த நிறத்தை வெள்ளையோடு சேர்க்க வேண்டாம்.

4. மாதிரித் துண்டு: சுற்றிப் பின்னுவது போலவே

எல்லோரும் தாண்டிப் போக விரும்புகிற படி இது. தாண்டினால் என்ன ஆகும் என்பதை எண்ணால் சொல்கிறேன். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தால் 112 கண்ணி 51 செ.மீ. தொப்பி, 55 செ.மீ. தலைக்குச் சரியாகப் பிடிக்கும். அதுவே 24 வந்தால் 47 செ.மீ., சின்னப் பையனுக்குத்தான். 20 வந்தால் 56 செ.மீ., காதை மூடித் தொங்கும். இரண்டே இரண்டு கண்ணி வித்தியாசம்.

சாதா மாதிரியில் ஒரு வரிசை நிட், திரும்பி வரும்போது பர்ல். பெரும்பாலானவர்களுக்கு பர்ல் வரிசையின் இறுக்கம் வேறாக இருக்கும். தொப்பியில் பர்ல் வரிசையே இல்லை, அதனால் அந்த அளவு பொருந்தாது. செய்ய வேண்டியது: வட்ட ஊசியில் 36 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட் பின்னுங்கள். திருப்பாதீர்கள். கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, இரண்டு நூலையும் துணியின் பின்னால் தாராளமாகத் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, மறுபடி வலப்பக்கத்திலிருந்து நிட் பின்னுங்கள். பின்னால் பந்தல் போட்டது போல நூல் தொங்கும், பரவாயில்லை.

ஓரத்தில் இரண்டிரண்டு கண்ணி விட்டு, நடு 32 கண்ணியில் அடுத்த பகுதியில் வரும் பூவை நாலு தடவை போடுங்கள். 12 செ.மீ. உயரம் வந்ததும் நனைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். நனைக்காமல் எடுத்த அளவை நம்ப வேண்டாம். கண்ணி கூடுதலாக வந்தால் ஊசியை 4.5 மி.மீ. ஆக்குங்கள், குறைவாக வந்தால் 3.75. இரண்டு நூலில் கை இறுகுவது சாதாரணம் என்பதால் ஊசி ஒரு அளவு ஏறினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. கட்டம்

பூ 8 கண்ணி அகலம், 7 சுற்று உயரம். சுற்று முழுக்க 14 தடவை வரும். கட்டத் தாளில் நீங்களே வரைந்துகொள்ளுங்கள், வரையும்போதே பாதி மனப்பாடம் ஆகிவிடும். கீழிருந்து மேலே, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், நாம் பின்னும் திசையே அதுதான்.

சுற்று 1: அடி 3, பூ 1, அடி 3, பூ 1.
சுற்று 2: அடி 2, பூ 3, அடி 3.
சுற்று 3: அடி 1, பூ 5, அடி 2.
சுற்று 4: பூ 3, அடி 1, பூ 3, அடி 1.
சுற்று 5: 3 போலவே.
சுற்று 6: 2 போலவே.
சுற்று 7: 1 போலவே.

நடுச் சுற்றில் வைரத்துக்குள் ஒரு பொட்டு, முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் இரண்டு வைரத்துக்கு நடுவே ஒரு பொட்டு. அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. அவை இல்லாவிட்டால் நூல் ஏழு கண்ணி தூரம் பின்னால் ஓட வேண்டியிருக்கும். இப்போது எந்த இடத்திலும் ஐந்தைத் தாண்டாது. வேறு டிசைன் தேர்ந்தெடுக்கும்போதும் இதைத்தான் முதலில் எண்ணிப் பாருங்கள்.

6. ரிப்

3.5 மி.மீ. ஊசியில் அடி நிறத்தில் 112 கண்ணி, தளர்வாக. முறுக்கிக்கொள்ளாமல் இணைத்து, தொடக்கத்தில் அடையாள வளையம் போட்டு, 2 நிட் 2 பர்ல் என்று 4 செ.மீ. பின்னுங்கள். முறுக்கல் விழுந்திருக்கிறதா என்று முதல் சுற்று முடிந்ததும் ஒருமுறை பாருங்கள். அதற்குப் பிறகு கண்டுபிடித்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

ரிப்பில் நிறம் சேர்க்கும் ஆசை வேண்டாம். பின்னால் நூல் ஓடினால் ரிப்பின் நெகிழ்வு போய்விடும்.

7. இரண்டு நூலையும் பிடிக்கும் விதம்

ரிப் முடிந்ததும் 4 மி.மீ. ஊசிக்கு மாறி மூன்று சுற்று சாதா நிட். எட்டு கண்ணிக்கு ஒரு வளையம் போட்டுவிடுங்கள். நிறம் வேறுபடுத்தி வைத்த ஒன்று சுற்றின் தொடக்கத்துக்கு. ஒரு பூவில் தவறினால் அந்தப் பூவுக்குள்ளேயே தெரிந்துவிடும். வளையம் இல்லாமல் பின்னியவர்கள் சுற்றின் கடைசியில் ஒரு கண்ணி மிஞ்சி நிற்பதைப் பார்த்துவிட்டு, 112 கண்ணியையும் துழாவிக்கொண்டிருப்பார்கள்.

இனி பூ நிறம் சேர்கிறது. பிடிக்க மூன்று வழி: இரண்டும் வலக்கையில், இரண்டும் இடக்கையில், கைக்கு ஒன்று. நான் சொல்லிக் கொடுப்பது கைக்கு ஒன்று, அடி நிறம் வலக்கையில், பூ நிறம் இடக்கையில். முதல் மாலை இடக்கை கோணல்மாணலாகத்தான் போகும். இரண்டாவது பூப் பட்டை வருவதற்குள் பழகிவிடும். நூல்கள் முறுக்கிக்கொள்ளாததே இதன் லாபம். முறுக்கு விழுந்தால் நாலு சுற்றுக்கு ஒருமுறை உருண்டைகளைச் சுழற்றிப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டும், அதில் கை இறுகும்.

இடக்கையில் ஏன் பூ நிறம்? பின்பக்கத்தில் ஒரு நூல் எப்போதும் மேலாகவும் மற்றது கீழாகவும் ஓடும். கீழாக வரும் நூலின் கண்ணி கொஞ்சம் பெரிதாக விழுந்து, முன்னே எழுந்து தெரியும். இரண்டு கையால் பின்னும்போது இடக்கை நூல்தான் கீழே போகும். பூ எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதால் அதை அங்கே வைக்கிறோம். ஒரே கையில் இரண்டையும் பிடிப்பவர்களுக்கும் விதி இதுவே: பூ நூல் எப்போதும் கீழிருந்து, அடி நூல் எப்போதும் மேலிருந்து.

நடுவில் மாற்றக் கூடாது. ஒரு நாள் வலக்கையில் பூ, மறுநாள் மறந்து இடக்கையில் என்று பின்னினால், ஒரே தொப்பியில் பாதி வைரம் பளிச்சென்றும் பாதி மங்கலாகவும் வரும். நூல் ஒன்றுதான், நிறம் ஒன்றுதான், ஆனாலும் தெரியும். வேலையை மூடிவைக்கும்போது எந்தக் கையில் எது என்று கட்டத்தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

8. ஃப்ளோட்: எல்லாம் இங்கேதான்

முதல் சுற்றில் பூ நூல் ஒரு பூவுக்கு இரண்டு முறை பின்னால் தாவுகிறது. 14 பூவுக்கு 28 தாவல். ஒவ்வொன்றிலும் நூல் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால்கூட அந்தச் சுற்று கிட்டத்தட்ட 3 செ.மீ. இறுகிவிடும். மற்ற கண்ணிகள் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் பயனில்லை, நெகிழாத அந்த நூல்தான் தொப்பியின் அளவைத் தீர்மானிக்கும். ஏறாத தொப்பிகளின் கதை இது.

பரிகாரம் ஒரு பழக்கம்தான். நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும், வலது ஊசியில் இப்போதுதான் பின்னிய கண்ணிகளை விரலால் தள்ளி, துணியாகும்போது எவ்வளவு அகலம் இருக்குமோ அவ்வளவு விரித்துவிடுங்கள். அப்புறம் புது நிறத்தில் பின்னுங்கள். கண்ணிகள் ஊசி முனையில் குவிந்து கிடக்கும்போது நிறம் மாற்றினால், குவிந்த தூரத்துக்கு மட்டுமே நூல் கிடைக்கும். “நூலை லூசா விடுங்க” என்று சொன்னால் யாருக்கும் வருவதில்லை. விரித்துவிட்டுப் பின்னுங்கள் என்றால் வருகிறது.

இறுக்கத்துக்குப் பயந்து அளவுக்கு மீறித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் நிறம் மாறும் இடத்துக் கண்ணி தொளதொளவென்று பெரிதாகிவிடும். துணியை இலேசாக இழுத்தால் ஃப்ளோட் நேர்கோடாக நிற்க வேண்டும், இழுக்காதபோது மெல்லத் தளர்ந்து படுத்திருக்க வேண்டும்.

விரித்தும் இறுகுகிறதா? தொப்பியை உள்வெளியாகத் திருப்பி, உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, எதிர்ப்பக்கத்து ஓரத்தில் பின்னுங்கள். பின்னுவது அதே நிட்தான். இப்போது ஃப்ளோட் வட்டத்தின் வெளிவிளிம்பைச் சுற்றிப் போவதால், கொஞ்சம் கூடுதல் நூலைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். பார்க்க விநோதமாக இருக்கும், கை இறுகியவர்களுக்கு அவ்வளவு உதவி.

இந்தப் பூவில் ஃப்ளோட்டை நடுவில் மாட்டத் தேவையில்லை. நீளமானதே ஐந்து கண்ணி, சுமார் 2.3 செ.மீ. அதைத் தாண்டும் டிசைன்களில் நடுவே ஒருமுறை, பின்னாத நூலைப் பின்னும் நூலின் மேலாகக் குறுக்கே போட்டுவிட்டு அடுத்த கண்ணியைப் பின்னினால் மாட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த சுற்றில் ஒரே நேர்கோட்டில் மாட்டாதீர்கள், வெளியே கோடாகத் தெரியும். கையுறையாக இருந்தால் நான் மூன்று கண்ணிக்கே மாட்டுவேன், இல்லாவிட்டால் மோதிரம் சிக்கும்.

சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் டிசைன் ஒரு படி ஏறித் தெரியும். தவறு இல்லை. சுற்றிப் பின்னுவது உண்மையில் சுருள் படிக்கட்டு மாதிரி, அதனால் அந்த இணைப்பு எங்காவது தெரியத்தான் செய்யும். அதைத் தலையின் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

9. பட்டைகளின் அடுக்கும் இடையில் சரிபார்ப்பதும்

சாதா 3 சுற்று (ரிப்புக்கு மேல் பின்னியவையே), முதல் பூ நிறத்தில் 7 சுற்று, சாதா 4, இரண்டாவது பூ நிறத்தில் 7, சாதா 7. மொத்தம் 28 சுற்று, ஏறத்தாழ 10 செ.மீ. பட்டை முடிந்ததும் பூ நூலை 15 செ.மீ. விட்டு வெட்டிவிடுங்கள். நாலு சுற்று மேலே இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் கட்டத்தை மட்டும் பார்க்காமல் கீழ்ச் சுற்றையும் பாருங்கள். புள்ளிக் கோலத்தில் முந்தைய வரிசைப் புள்ளிக்கு நேராகவா இடையிலா என்று கண் தானாகப் பிடிக்குமே, அதே கண்தான் இங்கேயும் வேண்டும். இரண்டாவது சுற்றின் மூன்று பூக் கண்ணியில் நடுவிலிருப்பது முதல் சுற்றின் ஒற்றைக் கண்ணிக்கு நேர் மேலே. அது தெரிந்துவிட்டால் எண்ண வேண்டியதே இல்லை.

முதல் பட்டை முடிந்ததும் நிறுத்துங்கள். கண்ணிகளை நீளமான ஒரு நூலுக்கு மாற்றித் தொப்பியைத் தலையில் போட்டுப் பாருங்கள். இந்த ஐந்து நிமிடச் சோம்பலுக்காக முழுத் தொப்பியையும் பிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

நிறம் தவறிய கண்ணி ஒன்றோ இரண்டோ என்றால் பிரிக்காதீர்கள். முடித்த பிறகு, தையல் ஊசியில் சரியான நிற நூலைக் கோத்து, அந்தக் கண்ணியின் V வடிவத்தின் மேலேயே அதே வழியில் எம்பிராய்டரி போட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு பூவே நகர்ந்திருந்தால் அந்தச் சுற்று வரை பிரியுங்கள். ஃப்ளோட் இறுகியிருந்தாலும் அப்படித்தான். நனைத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம், ஆகாது.

10. உச்சி

அடி நிறம் மட்டும். 12 நிட், 2 சேர்த்து 1, இதை எட்டு முறை செய்தால் 104. ஒரு சுற்று சாதா. அப்புறம் 11 நிட், 2 சேர்த்து 1: 96. இப்படி ஒரு சுற்று குறைத்து ஒரு சுற்று சாதாவாக 56 வரை வாருங்கள். அங்கிருந்து சாதாச் சுற்றை விட்டுவிட்டு ஒவ்வொரு சுற்றிலும் குறையுங்கள், 8 வரும் வரை. வட்ட ஊசி இழுபடத் தொடங்கியதும் இருமுனை ஊசிக்கு மாறவேண்டும். நூலை வெட்டி, எட்டுக் கண்ணிக்குள்ளும் கோத்து இறுக்கி, உள்ளே கொண்டுபோய் முடியுங்கள்.

நூல் முனைகளை உள்பக்கத்தில் அந்தந்த நிறத்தின் மேலேயே கோத்து மறையுங்கள். வெள்ளைக்குப் பின்னால் சிவப்பு முனை ஓடினால் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

11. நனைத்துப் படியவைத்தல்

ஊசியிலிருந்து இறங்கிய தொப்பியைப் பார்த்து மனம் தளராதீர்கள். எல்லாருடையதும் அப்போது கசங்கித்தான் இருக்கும்.

வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு ஷாம்பு, 20 நிமிடம் ஊறல். கசக்காதீர்கள், சூடான நீர் ஊற்றாதீர்கள். ரோம நூலைச் சூட்டில் கசக்கினால் கம்பளம்போல் ஒட்டிச் சுருங்கிவிடும், அதைத் திருப்ப முடியாது. வெளியே எடுத்து, துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். தலையளவுக்கு ஊதிய பலூனிலோ கவிழ்த்த பாத்திரத்திலோ மாட்டிக் காயவையுங்கள். ரிப் மட்டும் விரியாமல் பலூனுக்குக் கீழே தொங்கட்டும். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் இரண்டு நாள் ஆகும்.

அக்ரிலிக்கையும் இதே மாதிரி நனைத்துக் காயவைக்கலாம். இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்காதீர்கள், இழை உருகித் துணி தொய்ந்துபோகும்.

12. குறிப்பு எழுதுவது, படம் எடுப்பது

சக பின்னல்காரர்களுக்குக் காட்டுவதற்கு முன் இது. அவர்கள் முதலில் கேட்கப்போவது “என்ன நூல், என்ன ஊசி?” என்றுதான். லேபிளைத் தூக்கிப்போட்டுவிட்டு “நீலம், கடையில வாங்கினது” என்று சொல்வதில் யாருக்கும் பயன் இல்லை.

ஒரு அட்டையில் எழுதுங்கள்: நூலின் பெயர், நிற எண், ஊசி அளவு, நனைத்த பின் வந்த கண்ணி அளவு, யாருக்கு, அவர் தலையளவு. டிசைனில் நீங்கள் மாற்றியதையும் எழுதுங்கள். மிச்ச நூலைச் சமையலறைத் தராசில் நிறுத்து, செலவான எடையையும் போடுங்கள். அடுத்தவர் ஒரு உருண்டை குறைவாக வாங்கலாமா என்பது அதிலிருந்துதான் தெரியும். அட்டையின் பின்னால் ஒவ்வொரு நூலிலும் ஒரு துண்டை ஒட்டிவிடுங்கள்.

படம் மூன்று போதும். ஜன்னலோர வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், பூ தெளிவாகத் தெரியும் ஒன்று. தலையில் போட்டபடி ஒன்று. மூன்றாவது உள்பக்கம். இதைக் காட்டக் கூச்சப்படாதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு மற்ற இரண்டைவிட அதுதான் உதவும். ஃப்ளோட் எவ்வளவு தளர்ந்து கிடக்க வேண்டும் என்று நான் பத்து வரி எழுதினாலும் ஒரு படம் காட்டுகிற அளவு வராது.

வேறொருவரின் டிசைனைப் பின்னியிருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். விலைக்கு வாங்கிய பேட்டர்னின் கட்டப் படத்தை எடுத்து அனுப்பாதீர்கள். தொப்பி உங்களுடையது, கட்டம் வரைந்தவருடையது.

13. கூட்டத்தில் காட்டும்போது

“எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். கேள்வியைக் குறிப்பாக வையுங்கள்: “இரண்டாவது பட்டை முதலாவதைவிடக் குறுகலா தெரியுது, ஃப்ளோட் இறுகியிருக்கா?” உடனே நாலு பேர் தொப்பியைத் திருப்பிப் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்கிறவராக இருந்தால், கேட்காத தவறைச் சுட்டிக்காட்ட வேண்டாம். முதல் தொப்பியைக் கொண்டுவந்தவரிடம் ஒரே சமயத்தில் ஆறு குறை சொன்னோம், ஒருமுறை. அவர் அடுத்த வாரம் வரவில்லை. அன்றிலிருந்து ஒன்றுக்கு மேல் சொல்வதில்லை.

ஒரே கட்டத்தை எல்லோரும் அவரவர் நிறத்தில் பின்னிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஷெட்லண்டில் 2010 முதல் நடக்கும் வூல் வீக் என்ற ரோம நூல் விழாவுக்கு வருகிறவர்கள், அதற்கென்று வெளியாகும் தொப்பிப் பேட்டர்னை ஆளுக்கொரு நிறத்தில் பின்னிப் போட்டுக்கொண்டு வருவார்கள். எங்கள் வராந்தாவில் மேலே சொன்ன வைரத் தொப்பியை ஐந்து பேர் பின்னினோம். வெள்ளையில் கருநீலம் போட்டவரின் பூ பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்தது, மஞ்சளில் வெளிர்ப் பச்சை போட்டவருடையது மடியில் வைத்துப் பார்த்தால்தான். கறுப்பு வெள்ளைப் படச் சோதனையை அதற்குப் பிறகு யாரிடமும் நான் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

மிச்ச நூலைப் பத்துப் பத்துக் கிராமாகச் சுற்றிக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பட்டைக்கு அவ்வளவு நூலே போதும், அதற்காகப் புது உருண்டை வாங்கத் தேவையில்லை. கனம் எழுதிய சீட்டை ஒட்டிவிட்டுக் கொடுங்கள்.

தொப்பியை யாருக்காவது பரிசாகக் கொடுத்தால், கையால் துவைக்க வேண்டும், வெந்நீர் கூடாது, தொங்கவிடக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி, மூன்று நிறத்திலும் ஒவ்வொரு மீட்டர் நூலைச் சுற்றி அதோடு கட்டிவிடுங்கள். ஒரு கண்ணி அறுந்தால் தைக்க அந்த நூல்தான் வேண்டும், அதற்குள் கடையில் அந்த நிறம் தீர்ந்திருக்கும்.